மேலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்து எந்தக் காளான் என்று சொல்ல முடியாது

மழைக்காலம் வந்தால் என் வாட்ஸப்பில் காளான் போட்டோக்கள் வந்துகொண்டே இருக்கும். காட்டோரத்தில் பறித்த சின்னச் சின்ன வெள்ளைக் காளான், கூடவே "டாக்டர், இதைச் சாப்பிடலாமா?" என்ற கேள்வி. எல்லாமே மேலிருந்து எடுத்த படங்கள். குடையின் உச்சியை வைத்து நானும் சொல்ல முடியாது, போனில் இருக்கும் ஆப்பும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது குடைக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும்தான்.

நாம் சாப்பிடும் புற்றுக்காளானைக் குச்சியால் தோண்டிப் பாருங்கள், தண்டு வேர் மாதிரி நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். கொடிய விஷக் காளான்கள் உள்ள அமானிட்டா வகையில் தண்டின் அடியில் கிழிந்த உறை ஒன்று பை போலச் சுற்றியிருக்கும், ஆனால் நம் ஆட்கள் மண்மட்டத்தில் ஒடித்துப் பறிப்பதால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். ஆளைக் கொல்லும் காளானின் முக்கிய அடையாளமே அதுதான்.

இன்னொன்று, குடையை மட்டும் வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி காகிதத்தில் வைத்து, ராத்திரி முழுக்கக் கிண்ணத்தால் மூடி வையுங்கள். வித்துத்தூள் உதிர்ந்து கிடக்கும். புற்றுக்காளான், அரிசிக்காளானுக்கு வெளிர் ரோஜா நிறம், அமானிட்டாவுக்கு வெள்ளை, இனோசைபி என்ற இன்னொரு விஷக் காளான் வகைக்குப் பழுப்பு. ரோஜா நிறம் வந்துவிட்டது, சமைக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், அந்த நிறத்தில் விஷக் காளானும் உண்டு. இந்தச் சோதனை ஒதுக்கித் தள்ளுவதற்கு உதவும், சாப்பிட அனுமதி தராது. வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் சுத்தப் புரளி. அமானிட்டா விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

சாப்பிட்டாகிவிட்டது என்றால் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எப்போது தொந்தரவு ஆரம்பித்தது என்பதுதான். இனோசைபி பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும்: சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை, வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர், நாடி மெதுவாகும். அதற்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து இருக்கிறது, நேரத்துக்கு வந்தால் காப்பாற்றிவிடலாம். ராத்திரி சாப்பிட்டு, ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் விடியற்காலையில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தால்தான் எனக்குப் பயம். கொடிய அமானிட்டாவில் இருக்கும் அமடாக்சின் என்ற விஷம் அப்படித்தான் தாமதமாகக் காட்டும். அப்புறம் ஒரு நாள் வயிறு அடங்கி, "சரியாகிடுச்சு, வீட்டுக்குப் போறேன்" என்பார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும், மூன்றாம் நாள் நான்காம் நாள் கண் மஞ்சளாகும். 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து மக்கள்.

ஆகவே வாந்தி நின்றாலும் கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஒரே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும். மீதிக் குழம்பையும் சமைக்காத காளான் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள். பறித்த இடம் நினைவிருந்தால் யாரையாவது அனுப்பி, இன்னொன்றை அடியோடு தோண்டி எடுத்துவரச் சொல்லுங்கள்.