கண்ணாடி விரியன், கண்ணாடிக் குழாய், ஒரு பென்சில்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் மேசை டிராயரைத் திறந்தால் கையுறை, பிளாஸ்திரி, டார்ச் லைட்டோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் சீவிய பென்சில் இரண்டும் கிடக்கும். புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களான ஹவுஸ் சர்ஜன்கள், "யாரோ குழந்தை விட்டுட்டுப் போயிருக்கு சார்" என்பார்கள். குழந்தை நான்தான். பாம்புக்கடி என்று ஒருவர் வந்து, ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டதும், நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். "20 நிமிஷம் இந்தக் குழாயைப் பார்த்து வரை. குழாயைத் தொடாதே, எழுந்து போகாதே."

சிலருக்குச் சிரிப்பு வரும். சிலர் முகத்தில் 'நாலரை வருஷம் படிச்சது இதுக்கா' என்று எழுதியிருக்கும். காரணத்தைச் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, சொல்கிறேன்.

விரியன் கடித்தவர்களுக்கு நாங்கள் செய்யும் முதல் பரிசோதனைக்கு மெஷின் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் சுமார் 2 மில்லி ரத்தம் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஜெல்லி போலக் கட்டி நின்றால் அப்போதைக்கு உறைதல் சரியாக இருக்கிறது. தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது; விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தொடங்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தம்கூட 20 நிமிடத்தில் உறையாமல் நிற்கலாம்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி, வரப்பில் ஏதோ கடித்தது என்று ஒருவர் வந்தார். புதுக் குழாய் கையருகே இல்லை. அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றை எடுத்து ரத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன். திரும்பி வந்து சாய்த்தேன், ஓடியது. மருந்தை ஏற்றினோம். பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடித்து, அரித்து, மூச்சு இளைக்க ஆரம்பித்துவிட்டது. குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்து அது, சிலருக்கு ஒவ்வாது. அட்ரினலின் போட்டு மீட்டோம். அப்புறம் என் சீனியர் புதுக் குழாய் இரண்டை வரவழைத்து, ஒன்றில் நோயாளியின் ரத்தத்தையும் இன்னொன்றில் என் ரத்தத்தையும் விட்டார். பக்கத்தில் அந்தக் கழுவிய குழாய்களில் ஒன்றை எடுத்து அதிலும் என் ரத்தம். 20 நிமிடம் கழித்து புதுக் குழாய்கள் இரண்டிலும் ரத்தம் கட்டி நின்றது. கழுவிய குழாயில் ஓடியது. சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் கண்ணாடியும் கண்ணாடி இல்லை. அந்த மனிதரை விரியன் கடிக்கவே இல்லை என்பது மறுநாள் தெளிவாயிற்று.

சீனியர் திட்டவில்லை. "குழாயைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் சார் என்றேன். "என்ன பார்த்த?" பதில் இல்லை. அதன் உள்சுவரில் வெண்மையாய் ஒரு படலம் இருந்திருக்கிறது.

அந்தக் கேள்வி அதற்கு முன்பே ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில். எங்கள் டிராயிங் மாஸ்டர் மேசைமேல் ஒரு பித்தளைச் செம்பை வைத்து வரையச் சொன்னார். நாற்பது பேரும் செம்பின் வாயை வட்டமாகப் போட்டோம். நாற்பது பேருக்கும் முட்டை. செம்பின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும், ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அது நீள்வட்டமாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு மண்டைக்குத் தெரிந்ததை வரைந்திருக்கிறோம்.

அவசர சிகிச்சையில் தினமும் நடப்பது இதுதான். பாம்பு கடித்தால் இரண்டு பல் தடம் இருக்கும் என்று எல்லோருக்கும் 'தெரியும்'. அதனால் ஒரே ஒரு கீறல் இருந்தால் "முள்ளு குத்தியிருக்கும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒற்றைப் பல் பதிந்த விரியன் கடியை நான் பார்த்திருக்கிறேன். கட்டுவிரியன் கடியில் பல சமயம் தடமே தெரியாது.

வரையப் பழகினால் மருத்துவரின் கண் கூர்மையாகுமா என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இர்வின் பிரேவர்மன் என்ற தோல் மருத்துவரும், அங்குள்ள கலைக்கூடத்தில் பணியாற்றிய லிண்டா ஃபிரீட்லேண்டரும் சேர்ந்து முதலாண்டு மாணவர்களைப் பழைய ஓவியங்களின் முன் நிறுத்தினார்கள். ஓவியர் யார், எந்தக் காலம் என்ற பாடமெல்லாம் இல்லை. கண்ணில் படுவதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிறகு நோயாளிகளின் புகைப்படங்களைக் காட்டியபோது, ஓவியம் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கவனித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 36 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை மட்டும் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேர வகுப்புகள் ஆறுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே முடிவுதான்.

இதைப் பெரிதாக ஊதவும் எனக்கு மனமில்லை. அளந்தது படத்தைப் பார்த்து விவரிக்கும் திறமையை. அதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்பதையல்ல. ஆட்களும் கொஞ்சம். ஆனால் என் நோட்டுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பென்சில் கையில் இருக்கிறவன் குழாயை விட்டு எழுந்து போவதில்லை. நடுவில் ஆட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே படலம் இருந்தால் நிழல் போடும்போது கண்ணில் பட்டுவிடும். எனக்கு இது போதும்.

மருத்துவமும் ஓவியமும் நம் பக்கத்தில் ஒன்றுக்கொன்று அந்நியமும் இல்லை. சென்னை எழும்பூர்ப் பக்கம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியை 1850இல் ஓவியப் பள்ளியாகத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர், ஓர் அறுவை மருத்துவர். பெரியாஸ்பத்திரிக்கும் அதற்கும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் இங்கிருந்து அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்து வரைந்துவிட்டு வாருங்கள் என்று எங்களை யாரும் அனுப்பியதில்லை.

கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரே ஒரு மருத்துவருடையது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விசாகப்பட்டினத்தில் இருந்தபோது, விஷப் பாம்பு எது, விஷமில்லாதது எது என்று சனங்கள் பிரித்தறிய வேண்டுமே என்று சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்தார். வண்ணப் படங்களோடு 1796இல் புத்தகம் வந்தது. உள்ளூர்ப் பெயர்களையும் சேர்த்தே எழுதியிருந்தார். அந்தப் படங்களின் நோக்கம் இன்றும் தீர்ந்துபோகவில்லை. மண்ணுளி என்று நினைத்து விரியனைக் கையில் எடுத்தவர்களும், குட்டி மலைப்பாம்பு என்று குச்சியால் நெம்பியவர்களும் எங்களிடம் வருகிறார்கள். மலைப்பாம்பின் திட்டுகள் ஓரம் கோணல்மாணலாக, ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசை, கறுப்பு விளிம்பு கட்டிய முட்டை வடிவங்கள், சங்கிலி கோர்த்த மாதிரி. ஒருமுறை பென்சிலால் வரைந்து பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓவிய வகுப்பே பாதி நாள் கணக்கு வகுப்பாக மாறிவிடுகிறது, அது வேறு கதை.

சரி, விஷம் உள்ளே போனதும் என்ன ஆகிறது? "ரத்தம் நீர்த்துப் போயிருச்சு" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களுக்கு எண் போட்டு உறைதல் காரணிகள் என்கிறோம்; கண்ணாடி விரியன் விஷம் அவற்றில் பத்தாவதையும் ஐந்தாவதையும் நேரடியாகத் தூண்டிவிடுகிறது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் உறைதல் தொடங்குகிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே மொத்தச் சாப்பாடும் தீர்ந்துபோன கதைதான். அடுத்த பந்திக்கு ஒன்றுமில்லை; உண்மையில் காயம் பட்ட இடத்தை அடைக்க வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற புரதம் காலி. அதனால்தான் ஈறில் கசிகிறது, ஊசி குத்திய இடம் நிற்காமல் ஒழுகுகிறது. விஷமுறிவு மருந்து வாசலை அடைக்கும், புதிதாக யாரும் பந்தியில் உட்கார முடியாது. ஆனால் சோறு மறுபடி வடிக்க வேண்டியது கல்லீரல். அதற்குச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும். ஆகவேதான் மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறோம். "எத்தனை தடவைய்யா ரத்தம் உறிஞ்சுவீங்க" என்று கோபப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இந்தப் பந்திக் கணக்கைத்தான்.

இதே விஷம் மருந்தாகவும் இருந்திருக்கிறது. 1934இல் லண்டனில் மேக்ஃபார்லேனும் பார்னெட்டும் இதைப் பல மடங்கு நீர்க்கச் செய்து, பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் நிற்காத காயத்தின் மேல் தடவி ரத்தத்தை நிறுத்தினார்கள். அதே மேக்ஃபார்லேன் 1964இல், ஒரு காரணி அடுத்ததை எழுப்ப அது அதற்கடுத்ததை எழுப்புகிறது என்று படிப்படியாய் இறங்கும் ஒரு படமாக ரத்த உறைதலை வரைந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் டேவி, ராட்னாஃப் என்ற இருவரும் தனியாக அதே கருத்துக்கு வந்து அதை அருவி என்றார்கள். உடம்புக்குள் அப்படியே அந்த வரிசையில் நடப்பதில்லை என்று இப்போது தெரியும். ஆனாலும் மாணவர்கள் அந்தப் படத்தை வரைந்துதான் பரீட்சை எழுதுகிறார்கள். மனப்பாடமாக வரைகிறவர்கள் பத்தாவது காரணியைத் தாண்டும்போது அம்புக்குறியை எப்படியும் தப்பாகப் போடுவார்கள். புரிந்து வரைகிறவர் கை அங்கே ஒரு நொடி நிற்கும்.

வீட்டில் இருப்பவர்களும் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளலாம். கடித்த நேரத்தை எழுதுங்கள். வண்டியில் வரும்போதே வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தோலின் மேல் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியைக் குறியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இன்னொரு கோடு. கணுக்காலில் தொடங்கி முழங்கால்வரை நாலு கோட்டோடு ஒருவர் வந்தால், அந்தக் கால் எங்களுக்கு நாலு பக்க ரிப்போர்ட். மோதிரம், மெட்டி, வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடித்த காலை ஆட்டாமல் கட்டையோ அட்டையோ வைத்துச் சேர்த்து, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். வலிக்கிறதே என்று ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுத்துவிட வேண்டாம், கசிகிற ரத்தம் இன்னும் கசியும். பாம்பை அடித்து மஞ்சப்பையில் போட்டு எடுத்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேண்டாம். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் நேரம்தான் முக்கியம், கிளம்பிவிடுங்கள். மந்திரிக்கிற இடத்தில் போகும் ஒரு மணி நேரத்தைத்தான் சிறுநீரகம் கணக்கு வைக்கிறது. சிறுநீர் குறைந்தாலோ, நிறம் சிவந்து தேநீர் மாதிரி வந்தாலோ சொல்லிவிடுங்கள்.

முதல் குழாய் உறைந்துவிட்டது என்று கிளம்பிப் போகவும் கூடாது. விஷம் ஏறுவதற்கு நேரம் எடுக்கலாம், ஒரு நாள் முழுக்கப் பார்த்துத்தான் அனுப்புவோம்.

போன மழைக்காலத்தில் நெல் அறுக்கப் போன ஒருவரைக் கொண்டு வந்தார்கள். ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி பணியில் இருந்தாள். நோட்டைக் கொடுத்தேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கிக்கொண்டாள். குழாயை ஸ்டாண்டில் நிறுத்தி, எதிரே ஸ்டூலைப் போட்டு வரைந்தாள். கடிபட்டவரின் மனைவி எட்டிப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். "உங்க வீட்டுக்காரர் ரத்தம்தான். உறையுதான்னு பாத்துட்டிருக்கேன்" என்றாள். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து குழாயையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரவு 11.40க்குச் சாய்த்தாள். ஓடியது. 'ஓடிவிட்டது' என்று படத்துக்குக் கீழே எழுதினாள். மருந்து ஏறியது.

விடிந்ததும் இன்னொரு புதுக் குழாய், இன்னொரு பக்கம். 7.05க்குச் சாய்த்தாள். கருஞ்சிவப்பாய் அப்படியே அசையாமல் நின்றது. தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை. அந்த அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், குழாயைப் பார்த்து.

நோட்டை என்னிடம் நீட்டினாள். ரத்தத்தின் மட்டம், விளிம்பில் ஏறியிருந்த வளைவு, ஸ்டாண்டின் நிழல், எல்லாம் இருந்தது. குழாயின் வாயை மட்டும் முழு வட்டமாகப் போட்டிருந்தாள். ரப்பரோடு திருப்பிக் கொடுத்தேன்.