சாரலுக்குக் கணக்குப் போடுங்கள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத் தோப்புகளில், மின்வாரிய லைன் எட்டாத இடமாகப் பார்த்துச் சொகுசு விடுதி கட்டுகிறார்கள். அங்கெல்லாம் சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில். "அஞ்சு கிலோவாட் போட்டா எட்டு ரூமுக்குப் போதும்லா அண்ணாச்சி?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். லைட், ஃபேனுக்குச் சித்திரை வெயிலில் தாராளமாகப் போதும். ஆனால் கூட்டம் வருவது குற்றால சீசனில், ஆனி ஆடிச் சாரலில்.

நல்ல வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அஞ்சுக்கு 20. நாள் முழுக்க மேகம் மூடிவிட்டால் அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. அறை நிறைகிற அன்றுதான் பேனல் படுத்துக்கொள்ளும்.

அருவியில் நனைந்து நடுங்கி வருகிறவர் முதலில் கேட்பது வெந்நீர். 2 கிலோவாட் கீசர் அரைமணி ஓடினால் 1 யூனிட். எட்டு அறைக்கு 8. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் வகை ஈயப் பேட்டரி நான்கில் மொத்தமே 7.2 யூனிட்தான். ஆயுள் வேண்டுமென்றால் அதிலும் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆகவே வெந்நீரைப் பேட்டரி தலையில் கட்டாதீர்கள். விறகு பாய்லர் வையுங்கள். கேஸ் கீசர் என்றால் வெளிச்சுவரில் மாட்டுங்கள், குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆள் மயங்கி விழும்வரை தெரியாது. ஜெனரேட்டர் புகையிலும் இதே விஷம்தான். மழைக்குப் பயந்து அதை மாடிப்படிக்கு அடியில் அடைத்து வைக்கிறார்கள். அறைகளிலிருந்து தள்ளி, பக்கம் திறந்த கொட்டகை போடுங்கள்.

சாரல் வாரங்களில் பேட்டரி அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துப்போகும். வாரம் ஒருமுறையாவது ஜெனரேட்டர் போட்டு முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். அப்போது நெருப்புப் பட்டால் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவந்து மேலே சேரும் என்பதால் பேட்டரி அறைக்குக் கூரையை ஒட்டிக் காற்றுத்துளை அவசியம். ஒரு விடுதியில் பேட்டரி அறையிலேயே சாமி படம் மாட்டி, சூடம் கொளுத்தியிருந்தார்கள். கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தை வரவேற்பறைக்கு மாற்றச் சொன்னேன்.

அப்புறம், குரங்கு. பேனல் கேபிளைத் தொங்க விட்டால் பிடித்து ஆடும். இரும்புக் குழாய்க்குள் விட்டுவிடுங்கள், குழாய்க்கு எர்த்தும் கொடுத்துவிடுங்கள்.