இங்கிலாந்துக் கிராமப் பள்ளியில் புது ஆசிரியரா? மென்டார் நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

கியூடிஎஸ் (ஆசிரியர் தகுதி) வாங்கி அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சேர்ந்தவருக்கு, பயிற்சியும் மதிப்பீடும் சேர்ந்த தொடக்கக் காலமான இண்டக்‌ஷன் 2 ஆண்டு. 2021 செப்டம்பருக்கு முன் ஓராண்டாக இருந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

முதல் ஆண்டில் பாடவேளையில் 10 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 5 சதவீதம் உங்களுக்குக் குறைக்க வேண்டும். எல்லா ஆசிரியருக்கும் கிடைக்கும் பிபிஏ நேரம் (பாடம் திட்டமிட, தயாரிக்க, திருத்தி மதிப்பிட) வேறு, இது வேறு. ஏமாறுவது இங்கேதான். பிபிஏவைக் காட்டி "இதுதான் உங்கள் இசிடி (புது ஆசிரியர்) நேரம்" என்பார்கள். வாரம் 25 மணி நேரம் பாடம் என்றால், முதல் ஆண்டில் இரண்டும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். அட்டவணையில் இரண்டரைதான் இருக்கிறதா? பாதி போய்விட்டது. ஆசிரியர் வராத வகுப்புக்கு உங்களை அனுப்பி அந்த நேரத்தை விழுங்குவதும் உண்டு. தேதியோடு குறித்து வையுங்கள்.

வழிகாட்டும் ஆசிரியரான மென்டாரோடு முதல் ஆண்டில் வாரம் ஒருமுறை, அடுத்த ஆண்டில் இரு வாரத்துக்கு ஒருமுறை பள்ளி நேரத்திலேயே சந்திப்பு நடக்க வேண்டும். உங்களை மதிப்பிடுபவர் இண்டக்‌ஷன் ட்யூட்டர். நான்கைந்து ஆசிரியர்களே உள்ள ஊர்ப் பள்ளிகளில் தலைமையாசிரியரே இரண்டு பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறார். வேறு வழியே இல்லாதபோது மட்டும் விதி அதற்கு இடம் தருகிறது. மதிப்பீடு எழுதப் போகிறவரிடமே "வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று யார் மனம்விட்டுச் சொல்வார்? பக்கத்துப் பள்ளியிலிருந்தாவது ஒரு மென்டார் கேளுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே பள்ளி உங்களை அப்ரோப்ரியேட் பாடியில் (இந்தக் காலத்தை வெளியிலிருந்து மேற்பார்க்கும் அமைப்பு) பதிய வேண்டும். இப்போது பெரும்பாலும் வட்டார ஆசிரியர் பயிற்சி மையமான டீச்சிங் ஸ்கூல் ஹப்தான் இதைப் பார்க்கிறது. "அனுப்பியாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பதிவை உறுதி செய்யும் மின்னஞ்சலைக் கையில் வாங்குங்கள். பதியாமல் போன பருவத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அலைவது வீண் பாடு.

ஒரு முழுப் பருவத்துக்குக் குறைந்த பணி இண்டக்‌ஷனில் சேராது. அப்படித் துண்டு துண்டாக சப்ளை (பதில் ஆசிரியர்) வேலை பார்ப்பதற்கும் கியூடிஎஸ் கிடைத்த நாளிலிருந்து 5 ஆண்டுதான் கெடு. வேலை இல்லாத மாதங்களும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஓராண்டில் விடுப்பு 30 நாளைத் தொட்டால் இண்டக்‌ஷன் அவ்வளவு நாள் நீளும். மகப்பேறு, தத்தெடுப்பு போன்ற சட்டப்படியான விடுப்புகளுக்கு மட்டும் நீட்டிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

நேரம் தரவில்லை என்றால் முதலில் ட்யூட்டருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையா, அப்ரோப்ரியேட் பாடியில் புது ஆசிரியர்களுக்கென்று பெயர் குறித்த ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். 3, 6ஆம் பருவ முடிவில் வரும் மதிப்பீடு வரை பொறுத்திருக்க வேண்டாம். ஆறாம் பருவ முடிவில் தோல்வி என்றால் மேல்முறையீட்டுக்கு 20 வேலை நாள்தான் தருகிறார்கள்.

பாதியில் பள்ளி மாறுகிறவர்கள் இடைக்கால மதிப்பீட்டை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். புதுப் பள்ளிக்குப் போன பிறகு கேட்டால் பழைய பள்ளியில் பதில் சொல்லவே ஆள் இருக்காது.