ஒரிகன் கடலோரக் காட்டில் முதல் மான் வேட்டை: கிளம்புவதற்கு முன்

அக்டோபர் பிறந்ததும் எங்கள் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வேட்டைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். குண்டடி பட்டு வருகிறவர்கள் மிகவும் அரிது. நனைந்து விறைத்துப் பேச்சுக் குழறி வருகிறவர்கள், மானை அறுக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டவர்கள், இழுத்துக்கொண்டு மேடேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், இவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் எல்லாமே மாலையில் நடந்திருக்கும்.

போர்ட்லண்ட், ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் இப்போது பிளாக்டெயில் மான் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியெல்லாம் துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும்தான். பொழுது சாயும் கடைசி இரண்டு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் வருகிறவர்களை வீழ்த்துவது அந்த இரண்டு மணி நேரம்தான்.

முதலில் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மான் டேக்கையும், அதாவது ஒரு மானைச் சுட அனுமதிக்கும் சீட்டையும், சீசன் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். தொடங்கிய பிறகு கிடைக்காது.

இனி மான். பிளாக்டெயில் திறந்த வெளியில் மந்தையாக நிற்கும் மான் அல்ல. ஒரு சிறிய வட்டாரத்துக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்துவிடும். பகலெல்லாம் சலால் புதரிலும் வாள் பெரணியிலும் படுத்திருந்துவிட்டு, விடியலிலும் அந்தியிலும் விளிம்புக்கு வந்து மேயும். மரம் வெட்டிச் சில ஆண்டுகள் ஆன சரிவுகளில் ஹக்கிள்பெர்ரியும் காட்டு பிளாக்பெர்ரியும் தழைத்திருக்கும். அந்த வெட்டுக்காடும் அடர்காடும் சந்திக்கும் ஓரம்தான் நீங்கள் உட்கார வேண்டிய இடம். நவம்பர் தொடக்கத்தில் இணைசேரும் பருவம் நெருங்கும்போது ஆண் மான் பகலிலும் நடமாடும். அதனால்தான் அனுபவசாலிகள் சீசனின் கடைசி நாட்களுக்காகக் காத்திருக்கிறார்கள். மழையும் இருட்டும் மிகுந்த நாட்களும் அவைதான்.

டில்லமூக் மாநிலக் காடு, சயூஸ்லா தேசியக் காடு என்று வரைபடத்தில் பெரிய பச்சைப் பரப்பைப் பார்த்ததும் முழுக்கச் சுற்றிவிடத் தோன்றும். வேண்டாம். ஒரே ஒரு வெட்டுக்காடு, அதைச் சுற்றி ஒரு மைல் போதும். செப்டம்பரிலேயே ஒரு பகலில் போய் நடந்து பாருங்கள். எந்த ஓடை எந்தச் சாலைக்கு இறங்குகிறது, எந்தச் சரிவில் ஏற முடியாது என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டில்லமூக் காடு 1933 முதல் 1951 வரை நான்கு முறை பெருந்தீயில் எரிந்து, பிறகு கையால் நட்டு வளர்க்கப்பட்டது. ஒரே வயது டக்ளஸ் ஃபர் மரங்கள் வரிசையாக நிற்பதால், மூடுபனி இறங்கினால் எந்தத் திசையும் ஒன்றுபோலவே தெரியும். பக்கத்திலேயே மரக் கம்பெனிகளின் தனியார் நிலமும் இருக்கும். அனுமதி வாங்காமல் அதில் கால் வைக்கக் கூடாது. மரம் ஏற்றிய லாரிகள் அந்த ஒற்றை மண்பாதைகளில் வேகமாக வரும். வளைவுகளில் ஒதுங்கியே ஓட்டுங்கள், வழியை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள்.

குளிர் என்றால் நம்மவர்களுக்குப் பனி நினைவுக்கு வருகிறது. கடலோரத்தில் ஆளை வீழ்த்துவது எட்டுப் பத்து டிகிரி செல்சியஸில் நாள் முழுக்கப் பெய்யும் தூறல். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. முதலில் கடுமையான நடுக்கம், பிறகு கை தடுமாற்றம், பிறகு யோசனையே மந்தமாகிவிடும். 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் அடங்கிவிடும். உடம்பு பழகிவிட்டது என்று உடன் வந்தவர் நினைப்பார். உண்மையில் நிலைமை கைமீறுவது அப்போதுதான்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை ஒரு நவம்பர் இரவில் கொண்டுவந்தார்கள். ஜீன்ஸ் முழங்காலுக்கு மேல்வரை நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். அவர் வழி தவறவில்லை. தன் வண்டியின் பக்கத்திலேயே கிடந்தார், கையில் சாவியும் இருந்தது. கதவைத் திறக்க விரல் மடங்கவில்லை. பிழைத்துக்கொண்டார். பருத்தித் துணி மீது எனக்கு இருக்கும் கோபத்துக்கு அவரும் ஒரு காரணம். பனியன், ஜட்டி, சாக்ஸ் வரை கம்பளியோ செயற்கை இழையோ மட்டும் போடுங்கள். உலர்ந்த ஒரு செட் உடையை நீர் புகாத பையில் கட்டி முதுகில் வையுங்கள், வண்டியில் வைத்து என்ன பயன்? சூடான இனிப்புத் தேநீர் ஒரு பிளாஸ்க் இருக்கட்டும். ஆரஞ்சு உடை பெரியவர்களுக்கு ஒரிகனில் கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள். மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்கும் தேடி வருகிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

சுடச் சட்டம் அனுமதிக்கும் நேரம் சூரியன் மறைந்து அரை மணி வரை. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அந்தக் கடைசி நிமிடத்தில் சுட்டால், அடிபட்ட மான் பள்ளத்தாக்கில் இறங்கிப் படுக்கும். மழை ரத்தத் தடத்தைக் கழுவும். டார்ச்சோடு தடம் தேடிப் போனவர் திரும்பிப் பார்க்கும்போது சாலை எந்தப் பக்கம் என்று தெரியாது. முதல் வருடம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே துப்பாக்கியை இறக்கிவிடுவது, சாலைக்குக் கீழே செங்குத்தான சரிவில் நிற்கும் மானைச் சுடாமல் விடுவது. ஆசை தீராதுதான். ஆனால் நல்ல உடற்கட்டுள்ள ஆண் மான் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். சேற்றிலும் விழுந்த மரங்களின் மேலும் அதை மேட்டுக்கு இழுப்பது மருத்துவமனை ட்ரெட்மில் சோதனையைவிடக் கடினம்.

இதை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் ஆகஸ்டிலேயே மருத்துவரைப் பாருங்கள். மானை முழுதாக இழுக்காமல் அங்கேயே துண்டுபோட்டுச் சுமந்து பல நடையாகக் கொண்டுவருவது நல்லது. ஆண் மான்தான் என்று காட்ட எந்தெந்தப் பாகத்தை இறைச்சியோடு ஒட்டியே விட்டுவைக்க வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி உங்களை நோக்கி வரும் திசையில் அறுக்காதீர்கள். விறைத்த கையால் அறுக்கவே வேண்டாம். ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கும் பட்டையான டூர்னிகெட் ஒன்றும் அழுத்திக் கட்டும் துணியும் சட்டைப் பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர் குளுக்கோஸ் மாத்திரையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தாழ்சர்க்கரையின் தடுமாற்றமும் குளிரின் தடுமாற்றமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடத்தை வீட்டிலிருக்கும்போதே செல்போனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் செய்திக் கருவி நல்லதுதான். அடர்ந்த மரத்தடியில் செய்தி போகத் தாமதமாகும், திறந்த இடத்துக்கு வந்து அனுப்புங்கள். வீட்டில் இருப்பவரிடம் ஒரு தாள் கொடுங்கள். வண்டி எண், நிறுத்தும் இடத்தின் சாலைப் பெயர், எந்தச் சரிவில் உட்காருவீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று காத்திருக்காமல் 911-ஐ அழைத்து, மாவட்ட ஷெரிஃபின் தேடல் குழு வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரிகனில் காணாமல் போனவரைத் தேடும் பொறுப்பு ஷெரிஃபுடையது. அந்தத் தாளில் உள்ள சாலைப் பெயரைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.