வீடு ஏலத்துக்குப் போகுமுன் எண்ண வேண்டிய நாட்கள்

ஏலம் நடக்கும் நாள் காலைவரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்டுவிடலாம் என்றே சென்னையில் வீட்டுக் கடன் வாங்கிய பலரும் நம்புகிறார்கள். முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமான வீட்டை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் 2016-இல் திருத்தப்பட்டதும் அது மாறிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே மொத்த பாக்கியையும் கட்டியாக வேண்டும். அறிவிப்பு வந்துவிட்டால் மீட்கும் உரிமை போய்விடும். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது.

சரி, அதற்கு முன் என்னென்ன நடக்கும்? தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்புறம், மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்லி அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வரும். தொகையைப் பார்க்கவே பயந்து கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பவர்கள் உண்டு. தபாலைத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. அதனால் கெடு நின்றுவிடாது. உண்மையில் ஏதாவது செய்ய முடிகிற காலம் இந்த 60 நாள்தான். கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை, வட்டிக் கணக்கு தப்பு என்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். ஏற்கவில்லையென்றால் காரணத்தையும் எழுத வேண்டும். முழுக் கடனையும் திரட்ட முடியாதவர், நிலுவைத் தவணைகளை வட்டியோடு ஒரு ரூபாய் விடாமல் கட்டிக் கணக்கைச் சீராக்கித் தரும்படி கேட்கலாம். பாதி கட்டினால் வாராக்கடன் பெயர் போகாது.

கெடு தாண்டினால் கதவில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பார்கள். இது பெரும்பாலும் காகித அளவில் எடுக்கும் சுவாதீனம். குடும்பம் உள்ளேதான் இருக்கும். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட, சென்னை மாநகரில் தலைமை நடுவர் நீதிமன்றத்தின் உத்தரவை வாங்குவார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் என்றால் ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ போவார்கள். வங்கி செய்தது முறையல்ல என்று நினைத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை. ஊர்ப் பழக்கத்தில் அங்கே ஓடி நாளைத் தொலைக்காதீர்கள்.

முதல் ஏலத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் வீட்டுக்காரருக்கே சேரும். கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் மீதிக் கடன் உங்கள் தலையில்தான்.

விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது. பாக்கித் தொகை அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டாலும் அப்படியே. வங்கி வேறு வழக்குதான் போட வேண்டும். பல வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசியில் சறுக்கியவர்கள், வக்கீலைப் பார்க்கும்போது முதலில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.