கிராமில் கிழித்த கோடு

சென்னையில் கொஞ்சம் பெரிய சாலை என்றால் 'மெடிக்கல் கோடிங் பயிற்சி' என்ற போர்டு கண்ணில் படாமல் இருக்காது. அங்கே படித்து வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளைத்தான் பார்க்கிறார்கள். டாக்டர் எழுதிய நோயை ஐசிடி-10-சிஎம் (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுக்கு அமெரிக்கா போட்ட பதிப்பு) என்ற பட்டியலிலுள்ள குறியீடாக மாற்ற வேண்டும். அதை வைத்துத்தான் காப்பீட்டுப் பணம் வரும். இந்தக் குறியீட்டை எல்லோரும் 'கோடு' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்தான். ஆனால் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் விஷயத்தில் அது நம் தமிழ்க் கோடும் கூட. ஒரு கிராம் இந்தப் பக்கம் இருந்தால் ஒரு பெயர், அந்தப் பக்கம் போனால் வேறு பெயர்.

ஒரு குழந்தை 27 வாரம் 6 நாளில் சிசேரியனில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். எடை 940 கிராம். ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைவிடக் குறைவு. மூச்சு வாங்குகிறது. அதன் சார்ட்டில் முதலில் ஏறும் கோடு நோயே இல்லை. இசட்38.01, அதாவது ஒற்றைக் குழந்தை, உயிருடன், சிசேரியனில், இதே மருத்துவமனையில் பிறந்தது. இதை ஒரே முறைதான் போடலாம். குழந்தையை வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் அங்கே போடக்கூடாது. அப்புறம் பி07.03: எடை 750 முதல் 999 கிராம். அதையடுத்து பி07.26: 27 வாரம் நிறைந்தது. இன்னும் ஒரே நாளில் 28 ஆகியிருக்கும் என்று இரக்கப்பட்டு ஏற்றிவிட முடியாது, நிறைந்த வாரம்தான் கணக்கு. எடை முன்னால், வாரம் பின்னால் என்பதும் விதி. நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதாததால் வரும் மூச்சுத்திணறலுக்கு பி22.0.

மூன்றாம் நாள் எடை போட்டால் 870 காட்டலாம். உடம்பிலுள்ள நீர் குறைந்து முதல் சில நாட்களில் எடை இறங்குவது வழக்கம். கோடு மாறாது, பிறந்தபோது இருந்த எடைதான் நிற்கும். எடையை மட்டும் பார்த்து, 'இது குறைப்பிரசவம்தான்' என்று கோடர் தானாக முடிவு செய்யவும் கூடாது. டாக்டர் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அவருக்கு ஒரு குவெரி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

எடை மட்டும் ஏன் போதாது? 1,400 கிராமில் இரண்டு குழந்தைகள். ஒன்று 30 வாரத்தில் பிறந்தது. அந்த வாரத்துக்கு அது சரியான எடைதான், சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவே. அதற்கு பி07.15. மற்றது 36 வாரம் வயிற்றில் இருந்தும் 1,400தான். நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ஊட்டம் போகாமல் இருந்திருக்கலாம். 'வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாத சிறிய குழந்தை' என்று டாக்டர் பதிவு செய்திருந்தால் அது பி05.15. முதல் குழந்தைக்குக் கவலை நுரையீரல். இரண்டாவதற்கு ரத்தச் சர்க்கரை தடாலென இறங்குவது. தராசில் இரண்டும் ஒன்று.

எல்லைகள் எல்லாம் வட்டமான எண்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2,500 கிராமுக்குக் கீழே என்றால் எடை குறைவு. அந்த எல்லையைச் சொன்னவர் ஆர்வோ யுல்ப்போ என்ற பின்லாந்துக் குழந்தை மருத்துவர், முதல் உலகப்போர் முடிந்த காலத்தில். 1,500க்குக் கீழே 'மிகக் குறைந்த எடை', 1,000க்குக் கீழே 'மிக மிகக் குறைந்த எடை' என்று சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால், உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10இல் 1,500க்கு ஒரு கோடே இல்லை. 1,000 முதல் 2,499 வரை எல்லாம் பி07.1தான். உயிருக்குப் போராடும் 1,100 கிராமும், சில நாளில் வீட்டுக்குப் போகக்கூடிய 2,400 கிராமும் ஒரே பெட்டியில். அமெரிக்கப் பதிப்பு இன்னொரு இலக்கம் சேர்த்துப் பெரும்பாலும் 250 கிராமுக்கு ஒன்றாக அதை உடைத்தது.

இயற்கைக்கு 1,500 என்ற எண் தெரியாது. ஆனால் எண்ணைப் பார்ப்பவர்கள் மனிதர்கள். 1983 முதல் 2002 வரையிலான அமெரிக்கப் பிறப்புகளை ஆராய்ந்து 2010இல் வந்த ஆய்வு ஒன்றில், 1,500க்குச் சற்று மேலிருந்த குழந்தைகளில் சுமார் 5.5 சதவீதம் ஓராண்டுக்குள் இறந்திருந்தன. சற்றுக் கீழிருந்தவற்றில் அது ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி குறைவு. எடை குறைந்தது அதிகம் பிழைக்கிறது! எல்லைக்குக் கீழே விழுந்ததும் சிகிச்சை கூடுகிறது என்பது அவர்கள் விளக்கம். மறு ஆண்டே வேறு சிலர் மறுத்தார்கள்: பதிவுகளில் வட்ட எண்களில் குழந்தைகள் குவிந்திருக்கின்றன, மிகச் சரியாக 1,500 என்று எழுதப்பட்டவற்றை நீக்கினால் வித்தியாசம் சுருங்குகிறது. எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கிறது. தராசு 1,503 காட்டினாலும் 1,500 என்று எழுதும் கை எல்லா நாட்டிலும் உண்டு.

ஜெர்மனியில் அந்தக் கை பணத்தையும் பார்த்தது. 2003 முதல் அங்கே பச்சிளங்குழந்தைக்கான கட்டணம் பிறப்பு எடையையும் பொறுத்தது. எட்டு எல்லைகளில் தொகை தாவி ஏறும். பிறப்புப் பதிவுகளைச் சலித்த ஆய்வாளர்கள், குறைந்தது 12,000 குறைமாதக் குழந்தைகள் எல்லைக்குக் கீழே தள்ளி எழுதப்பட்டதாகவும், மருத்துவமனைகளுக்கு 10 கோடி யூரோவுக்கு மேல் கூடுதலாகப் போனதாகவும் கணக்கிட்டார்கள். தாவல் பெரிதாக இருந்த எல்லையில் தள்ளலும் அதிகம். இதைச் சுத்தமான திருட்டு என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அதிகச் செலவு வைக்கக்கூடிய குழந்தைகளுக்குத்தான் எடையைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிழைக்க வாய்ப்பு குறைவான குழந்தைகளின் எடையை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது அந்தத் தயக்கமும் போய்விடுகிறது.

சரி, நம் 940 கிராம் குழந்தைக்கு வருவோம். அது வளர்ந்து, முப்பது வயதில் நுரையீரல் கோளாறோடு ஒரு மருத்துவமனைக்குப் போகிறது. குறைமாதத்தில் பிறந்ததுதான் காரணம் என்று டாக்டர் எழுதினால், அமெரிக்க விதிப்படி பி07.03ஐ அன்றும் போடலாம். எழுபது கிலோ ஆளுக்கு, 750 முதல் 999 கிராம் என்று.