கடல்மீனோடு வீடு மாறும்போது: பையைத் திறக்கும் நேரம்தான் கண்டம்

பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தைத் தாங்கிய மீன், புது வீட்டில் தொட்டிக்குப் போன சிறிது நேரத்திலேயே மிதக்கும். பழி பயண அலைச்சல் மேல் விழும். பல சமயம் கெடுப்பது பையைத் திறந்த பிறகு நாம் செய்வதுதான்.

மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு கரைந்து நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்குகிறது. செவுள் வழியே கழியும் அம்மோனியாவும் அதே நீரில் சேர்கிறது. பிஎச் தாழ்வாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி, நச்சு மிகக் குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும். முடிச்சை அவிழ்த்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும். அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறிச் செவுளைச் சுடும். அதனால் நீண்ட பயணத்துக்குப் பிறகு, திறந்த பையில் மணிக்கணக்காகத் தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மீனைப் பழக்குவது நல்லதல்ல.

புது நீருக்குப் பழக்கும் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடலாம். பையில் அடைக்கும்போதே நீரின் உப்புத்தன்மையை ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பைமேல் எழுதுங்கள். புதுத் தொட்டி நீரையும் அதே அளவுக்குக் கலந்து வையுங்கள். வந்ததும் பையைத் திறக்காமல் 15–20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் மாற்றுங்கள். பைநீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முள்துடுப்பு மீன்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். அதைவிடத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா நல்லது.

கிளம்புவதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் தீனி வேண்டாம், கழிவு குறையும். ஒரு பைக்கு ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்ஸிஜன். முள் குத்தி ஓட்டை விழும் என்பதால் இரட்டைப் பை. பாக்ஸ்ஃபிஷ் (பெட்டி வடிவ மீன்) மிரண்டால் நஞ்சு விடும், தன் பையிலேயே தானும் சாகக்கூடும். அதை விரட்டிப் பிடிக்காதீர்கள். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் இருட்டில் அடுக்குங்கள், 24–27 டிகிரி செல்சியஸ் போதும்.

பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பது வீண் சுமை. அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் லைவ் ராக்கிலும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டு) ஃபில்டரிலும்தான் ஒட்டியிருக்கின்றன. இவற்றை உலரவிடாதீர்கள், தேங்கிய நீரில் இறுக மூடியும் வைக்காதீர்கள், ஆக்ஸிஜனின்றி பாக்டீரியாக்கள் மடியும். பழைய மணலை அப்படியே கொட்டினால் அடியில் தேங்கிய அழுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் கலங்கி வரும். அலசிப் போடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

முதல் நாள் விளக்கு வேண்டாம். ஒரு வாரம் குறைவாகத் தீனி போட்டு, தினமும் அம்மோனியாவைச் சோதியுங்கள்.